கோடு அசையலாம், விடை அசையக் கூடாது

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: சாய்வு, இரு புள்ளிகளுக்கு இடையிலான தொலைவு, வட்டத்தின் சமன்பாடு எல்லாம் தெரியும், நேரடிக் கணக்காகக் கேட்டால் போட்டுவிடுகிறீர்கள். அதே ஆயத்தொலை வடிவியல் ‘கொடுத்த தகவல் போதுமா’ என்ற வடிவத்தில் வந்தால் பத்தில் ஐந்தாறு தவறுகிறது, ஒவ்வொன்றும் மூன்று நிமிடத்தை விழுங்குகிறது. ஆகவே இன்னும் எந்தெந்தச் சூத்திரங்களை மனப்பாடம் செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எதுவும் வேண்டாம் என்பதே என் பதில். நேரடிக் கணக்கைச் சரியாகப் போடுபவருக்குச் சூத்திரப் பஞ்சம் இருக்க வாய்ப்பில்லை. இந்த வகைக் கேள்விகளையும் நீங்கள் கணக்காகவே போடுகிறீர்கள். சறுக்கல் அங்கேதான் நேர்கிறது என்று நினைக்கிறேன். மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வுகளுக்குப் பல ஆண்டுகள் பாடம் எடுத்தவன் என்ற முறையில், என் வகுப்பில் திரும்பத் திரும்பப் பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக வடிவத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கேள்வி இருக்கும், அதன் கீழே இரண்டு கூற்றுகள் இருக்கும். விடையைக் கண்டுபிடிப்பது நம் வேலை அல்ல; விடை காண எந்தக் கூற்று போதும் என்று சொல்வதுதான் வேலை. முதல் கூற்று மட்டும் போதும், இரண்டாவது மட்டும் போதும், இரண்டும் சேர்ந்தால்தான் போதும், தனித்தனியே ஒவ்வொன்றும் போதும், சேர்ந்தாலும் போதாது என்று ஐந்து தெரிவுகள். மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் (GMAT) தேர்வில் இந்த ஐந்தும் ஒருபோதும் மாறுவதில்லை. வேறு தேர்வுகளில் வரிசை மாறும், சிலவற்றில் மூன்று கூற்றுகள்கூட வரும். எழுதப்போகும் தேர்வின் தெரிவுகளை முதல் நாளே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். தேர்வறையில் அதைப் படித்துக்கொண்டிருப்பது வீண் செலவு.

என் வகுப்பில் முதல் நாள் நான் கரும்பலகையில் எழுதும் கேள்வி இது. ஒரு நேர்க்கோடு முதல் கால்பகுதி வழியாகச் செல்கிறதா? கூற்று 1: கோட்டின் சாய்வு எதிர்மம். கூற்று 2: கோட்டின் ஒய்-வெட்டுத்துண்டு 5. (முதல் கால்பகுதி என்பது எக்ஸ், ஒய் இரண்டும் நேர்மமாக உள்ள பகுதி; ஒய்-வெட்டுத்துண்டு என்பது கோடு ஒய்-அச்சை வெட்டும் இடத்தின் ஒய் மதிப்பு.) வகுப்பில் பெரும்பாலோர் ‘இரண்டும் சேர்ந்தால்தான்’ என்று கை தூக்குவார்கள். காரணம் கேட்டால், ஒரு கோட்டை எழுதச் சாய்வும் வெட்டுத்துண்டும் வேண்டுமே என்பார்கள். கோட்டை எழுத இரண்டும் வேண்டும், உண்மைதான். ஆனால் கோட்டை எழுதச் சொல்லி யார் கேட்டார்கள்? முதல் கால்பகுதியைத் தொடுகிறதா என்றுதான் கேள்வி. இரண்டாவது கூற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். (0, 5) என்ற இடத்தில் ஓர் ஆணி அடித்து அதில் ஒரு குச்சியை மாட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். குச்சியை எப்படிச் சுழற்றினாலும், ஆணிக்குச் சற்று வலப்பக்கம் அதன் உயரம் ஏறக்குறைய 5 ஆகவே இருக்கும். அதாவது எக்ஸும் நேர்மம், ஒய்யும் நேர்மம். எவ்வளவு செங்குத்தாக இறங்கினாலும், எக்ஸ்-அச்சைத் தொடும்வரை அது முதல் கால்பகுதியில்தான் இருந்தாக வேண்டும். கோடு எது என்று நமக்குத் தெரியாது, விடை ‘ஆம்’ என்பது மட்டும் தெரியும். முதல் கூற்று மட்டும் இருந்தால் கோட்டை மேலும் கீழுமாக நகர்த்தலாம்: ஒய் = −எக்ஸ் + 5 முதல் கால்பகுதியில் நுழைகிறது, ஒய் = −எக்ஸ் − 5 நுழைவதில்லை. ஆகவே இரண்டாவது மட்டும் போதும்.

இந்த ஒரு கணக்கில்தான் நான் சொல்லவரும் முழு விஷயமும் இருக்கிறது. தரவு போதுமா என்று கேட்கும்போது, படத்தில் இன்னும் எது அசைகிறது என்று முதலில் பாருங்கள். பிறகு அந்த அசைவில் விடையும் சேர்ந்து அசைகிறதா என்று பாருங்கள். படம் அசைந்தாலும் விடை அசையாமல் நின்றால் தகவல் போதும். நேரடிக் கணக்கில் பழகிய கை படத்தை முழுதாக நிறுத்திவைக்கத்தான் துடிக்கும். அந்தத் துடிப்புக்காகவே ‘இரண்டும் சேர்ந்தால்’ என்ற தெரிவைத் தூண்டிலாக வைத்துக் கேள்வியை அமைக்கிறார்கள்.

மேலே உள்ள கேள்வியில் ஒரு சொல்லை மாற்றி, நானே ஒரு முறை வசமாக மாட்டிக்கொண்டேன். ஒரு வகுப்புத் தேர்வுத் தாளில், ‘ஒய்-வெட்டுத்துண்டு 5’ என்பதற்குப் பதிலாகக் ‘கோடு (0, 5) வழியாகச் செல்கிறது’ என்று எழுதி, விடை அதேதான் என்று குறித்து வைத்தேன். தாளைத் திருப்பிக் கொடுத்ததும் ஒரு மாணவி எழுந்து, “சார், ஒய்-அச்சும் (0, 5) வழியாகத்தானே போகிறது?” என்றார். போகிறதுதான். ஒய்-அச்சு ஒரு நேர்க்கோடு, அது எந்தக் கால்பகுதியிலும் நுழைவதில்லை. வெட்டுத்துண்டு என்று சொல்லியிருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஏனென்றால் ஒய்-அச்சை ஒரே இடத்தில் வெட்டும் கோட்டுக்குத்தான் அந்தச் சொல் பொருந்தும். வழியாகச் செல்கிறது என்று எழுதியதும் ஆணியில் மாட்டிய குச்சி நேர் செங்குத்தாக நிற்கும் அந்த ஒரே நிலையும் உள்ளே வந்துவிடுகிறது. அங்கே விடை ‘இல்லை’. ஆக இரண்டாவது மட்டும் போதாது. முதல் கூற்றைச் சேர்த்தால், சாய்வு எதிர்மம் என்றாலே சாய்வு என்று ஒன்று இருக்கிறது என்று பொருள். செங்குத்துக் கோட்டுக்குச் சாய்வு வரையறுக்கப்படுவதே இல்லை. எனவே ஒய்-அச்சு வெளியேறிவிடும், இரண்டும் சேர்ந்தால் போதும். மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். அன்று முதல் இந்தக் கணக்கின் இரு வடிவங்களையும் அடுத்தடுத்து எழுதித்தான் பாடத்தைத் தொடங்குகிறேன்.

இதே குடும்பத்தில் இன்னொன்று. ஒரு கோட்டின் சாய்வு என்ன என்று கேட்டு, அதன் எக்ஸ்-வெட்டுத்துண்டு ஒய்-வெட்டுத்துண்டைப் போல் இரு மடங்கு என்ற கூற்றைத் தருகிறார்கள் என்று வையுங்கள். சாய்வு என்பது ஒய்-வெட்டுத்துண்டை எக்ஸ்-வெட்டுத்துண்டால் வகுத்து எதிர்க்குறி போட்டது, ஆகவே −1/2, போதும் என்று தோன்றும். இரண்டு வெட்டுத்துண்டுகளும் 0 ஆக இருந்தால்? 0 என்பது 0-இன் இரு மடங்குதான். அச்சுகளைத் தவிர, ஆதிப்புள்ளி வழியாகச் செல்லும் எந்தக் கோடும் இந்தக் கூற்றுக்குக் கட்டுப்படும், அதன் சாய்வு 0 தவிர எதுவாகவும் இருக்கலாம். கேள்வியின் தொடக்கத்தில் ‘ஆதிப்புள்ளி வழியாகச் செல்லாத ஒரு கோடு’ என்று எழுதியிருந்தால் அது அலங்காரம் அல்ல, அந்தச் சொற்களால்தான் விடையே மாறுகிறது. செங்குத்துக் கோடு, கிடைக்கோடு, ஆதிப்புள்ளி வழிக் கோடு ஆகிய மூன்றையும் எந்தக் கோட்டுக் கேள்விக்கும் ஒரு முறை பொருத்திப் பார்ப்பது ஐந்து நொடி வேலை.

சில கூற்றுகள் தகவல் போலத் தோற்றமளிக்கும், ஆனால் புதிதாக எதையும் சொல்லாது. ஒரு வட்டம் (0, 0), (6, 0) ஆகிய இரு புள்ளிகள் வழியாகச் செல்கிறது, அதன் பரப்பளவு என்ன? கூற்று 1: ஒய்-அச்சு அந்த வட்டத்துக்குத் தொடுகோடு. கூற்று 2: வட்டத்தின் மையம் எக்ஸ் = 3 என்ற கோட்டின் மேல் இருக்கிறது. இரண்டாவது கூற்றில் எண் இருக்கிறது, சமன்பாடு இருக்கிறது, பார்த்தவுடன் நம்பிக்கை வருகிறது. ஆனால் மையம் இரு புள்ளிகளிலிருந்தும் சம தொலைவில் இருந்தாக வேண்டும்; ஆகவே அது எக்ஸ் = 3 மேல் இருப்பது கேள்வியைப் படித்தபோதே நமக்குத் தெரிந்ததுதான். மையம் அந்தக் கோட்டில் மேலும் கீழும் வழுக்கிக்கொண்டே இருக்கலாம், வட்டம் பெருத்துக்கொண்டே போகலாம். முதல் கூற்றோ வெறும் சொல்லாகத் தெரிகிறது. ஆனால் தொடுகோடு வட்டத்தை ஒரே இடத்தில்தான் தொடும். வட்டம் ஏற்கெனவே ஒய்-அச்சில் உள்ள (0, 0) வழியாகப் போகிறது. ஆகவே தொடும் இடம் அதுவே. அப்படியானால் மையம் எக்ஸ்-அச்சில், அதாவது (3, 0)-இல் நிற்க வேண்டும். ஆரம் 3, பரப்பு 9π. முதல் கூற்று மட்டும் போதும். கேள்வியில் கொடுத்ததிலிருந்து என்னென்ன தானாகவே வருகிறது என்று கூற்றுகளைப் படிக்கும் முன்பே எழுதி வைத்திருந்தால் இரண்டாவது கூற்றின் பகட்டு நம்மை ஏமாற்றாது.

‘இரண்டு அறியா எண்கள், இரண்டு சமன்பாடுகள், ஆகவே போதும்’ என்ற வாய்பாட்டை நிறையப் பேர் வேதமாக வைத்திருக்கிறார்கள். அது ஒரு மதிப்பீடுதான், விதி அல்ல. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: இரண்டும் நேர்க்கோடுகளாக இருந்து அவற்றின் சாய்வுகள் வேறுபட்டால் வெட்டும் புள்ளி ஒன்றே ஒன்று. 2எக்ஸ் + 3ஒய் = 6 என்பதும் 4எக்ஸ் + 6ஒய் = 12 என்பதும் ஒரே கோடு; இரண்டு சமன்பாடு என்று எண்ணினால் ஏமாந்தோம். வளைகோடு நுழைந்துவிட்டாலோ எண்ணிக்கைக்கு மதிப்பே இல்லை. ஒரு புள்ளி ஒய் = எக்ஸ் + 1 என்ற கோட்டின் மேல் இருக்கிறது, அதன் எக்ஸ் மதிப்பு என்ன? கூற்று 1: ஆதிப்புள்ளியிலிருந்து அதன் தொலைவு 5. கூற்று 2: அதன் இரு ஆயத்தொலைவுகளின் பெருக்கல் 12. முதலாவது (3, 4), (−4, −3) ஆகிய இரு புள்ளிகளைத் தருகிறது. இரண்டாவதைத் தனியாகப் போட்டுப் பாருங்கள், அதே இரு புள்ளிகள். அறியாதவை இரண்டு, சமன்பாடுகள் மூன்று, ஆனாலும் சேர்ந்தாலும் போதாது. வாய்பாட்டை நம்பியவர் இங்கே எழுதவே தொடங்காமல் ‘சேர்ந்தால் போதும்’ என்று குறித்துவிட்டுப் போயிருப்பார். வேடிக்கை என்னவென்றால், கேள்வியை ‘ஆதிப்புள்ளியிலிருந்து தொலைவு என்ன’ என்று மாற்றினால் பெருக்கல் 12 என்ற கூற்று மட்டுமே போதும். இரு புள்ளிகளுக்கும் தொலைவு 5 தானே. மறுபக்கமும் உண்டு: ஒரு புள்ளி (0, 0), (6, 0) இரண்டுக்கும் சம தொலைவில் இருக்கிறது என்ற ஒரே கூற்றிலிருந்து அதன் எக்ஸ் மதிப்பு 3 என்று வந்துவிடும், ஒய் எதுவாக இருந்தாலும் சரி.

‘ஆம், இல்லை’ என்று விடை வரும் கேள்விகளில் இன்னொரு பழைய குழி இருக்கிறது. ஒரு புள்ளி மூன்றாம் கால்பகுதியில் இருக்கிறதா என்ற கேள்விக்கு, அதன் ஆயத்தொலைவுகளின் பெருக்கல் எதிர்மம் என்று ஒரு கூற்று. புள்ளி இரண்டாம் கால்பகுதியிலா நான்காம் கால்பகுதியிலா தெரியவில்லை, ஆகவே போதாது என்று அடித்துவிடுகிறார்கள். மூன்றாம் கால்பகுதியில் இரண்டும் எதிர்மம், பெருக்கல் நேர்மம். ஆகவே நிச்சயம் அங்கே இல்லை. உறுதியான ‘இல்லை’யும் முழு விடைதான்.

படம் வரைவதா, இயற்கணிதம் போடுவதா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அசைவைப் பார்க்கப் படம், நுணுக்கத்தைத் தீர்க்கச் சமன்பாடு. ஆதிப்புள்ளியை மையமாகக் கொண்ட 8.6 அலகு ஆரமுள்ள வட்டத்துக்குள் (7, 5) இருக்கிறதா என்றால் எந்தக் கைப்படமும் சொல்லாது: 49 + 25 = 74, 8.6-இன் வர்க்கம் 73.96. மயிரிழையில் வெளியே. கேள்வியோடு அச்சிட்டுத் தரும் படத்தை நம்புவதிலும் கவனம் வேண்டும். ஜிமேட் தன் பழைய தேர்வுக் குறிப்பில் வெளிப்படையாகவே சொல்லியிருந்தது: படம் கேள்வியில் உள்ள தகவலுக்குப் பொருந்தும், கூற்று 1, கூற்று 2 ஆகியவற்றுக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. படத்தில் கோடு வலப்பக்கம் ஏறுவதாகத் தெரிந்தால் சாய்வு நேர்மம் என்று வைத்துக்கொள்வது பலரும் செய்யும் தவறு. நான் அந்தப் படத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, என் தாளில் வேறு மாதிரி ஒன்றைக் கோணலாக வரைந்துகொள்வேன்.

எண்களைப் பொருத்திப் பார்க்கும் முறையின் எல்லையையும் சொல்ல வேண்டும். கூற்றுக்குக் கட்டுப்பட்ட இரண்டு கோடுகள் இரண்டு விதமான விடையைத் தந்தால் போதாது என்பது நூறு சதவீதம் நிரூபணம், அதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை. ஆனால் நான்கு கோடுகளைப் பொருத்தி நான்கிலும் ‘ஆம்’ வந்தால் அது போதும் என்பதற்கு நிரூபணம் ஆகாது, ஐந்தாவது கோடு ஒய்-அச்சாக இருக்கலாம். போதும் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும், ஆணியும் குச்சியும் போல ஒரு வரிக் காரணமாவது. நேரம் தீர்ந்துகொண்டிருக்கும்போது நான்கு ‘ஆம்’களை நம்பி நகர்வதை நான் குறை சொல்ல மாட்டேன், வீட்டில் பயிற்சி செய்யும்போது அப்படி நகராதீர்கள். இன்னொரு சோதனையும் உண்டு: ஜிமேட்டில் இரு கூற்றுகளும் ஒன்றையொன்று மறுக்காது. முதல் கூற்றிலிருந்து எக்ஸ் 3 என்றும் இரண்டாவதிலிருந்து 5 என்றும் உங்களுக்கு வந்தால் கைத்தவறு உங்களுடையது, திரும்பிப் பாருங்கள். கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் பயிற்சித் தாள்கள் எல்லாவற்றிலும் இந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது. அங்கே முரண்பாடு வந்தால் கேள்வியே கோளாறாக இருக்கலாம். என் தாளே ஒரு முறை கோளாறாக இருந்ததைத்தான் மேலே சொன்னேனே.

நேரத்துக்கு வருவோம். மூன்று நிமிடம் ஆவதற்குக் காரணம், நீங்கள் ஒவ்வொரு கூற்றையும் கடைசி எண் வரை போட்டு முடிக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். 5எக்ஸ்² + 4எக்ஸ் − 24 = 0 என்று ஒரு சமன்பாடு வந்து நின்றால், மூலங்களின் பெருக்கல் எதிர்மம், ஆகவே ஒன்று நேர்மம், மற்றது எதிர்மம்; கேட்டது எக்ஸின் மதிப்பு என்றால், கேள்வியில் வேறு நிபந்தனை இல்லாதவரை, போதாது. அங்கேயே பேனாவைக் கீழே வைத்துவிடலாம். மூலங்களைக் கண்டுபிடித்தவருக்கு யாரும் கூடுதல் மதிப்பெண் தரப்போவதில்லை. இன்னொரு நேர விரயம், இரண்டாவது கூற்றைப் படிக்கும்போது முதல் கூற்று மண்டையில் ஒட்டிக்கொண்டிருப்பது. அது நேரத்தை மட்டும் அல்ல, விடையையும் கெடுக்கும். என் மாணவர்களை ஒரு வாரத்துக்குக் கூற்றுகளைத் துண்டுத் தாளால் மூடி மூடிப் படிக்கச் சொல்வேன். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும், ஆனால் வேலை செய்கிறது. அத்துடன், ‘சேர்ந்தால்தான்’ என்று நீங்கள் குறித்த ஒவ்வொரு தவறான விடையையும் தனி நோட்டில் எடுத்து எழுதி, எந்தக் கூற்று தனியாகவே போதுமானதாக இருந்தது, எது அசைந்தும் விடை அசையவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். இருபது எழுதியதும் உங்கள் கை எங்கே வழுக்குகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இதெல்லாம் சாய்வும் தொலைவும் கையில் உள்ளவருக்குச் சொன்னது. செங்குத்தாக வெட்டும் கோடுகளின் சாய்வுகளைப் பெருக்கினால் −1 என்பதே தடுமாறும் நிலையில் இருப்பவருக்கு இந்த வழி உதவாது, அவர் முதலில் பாடத்தைப் படிக்க வேண்டும். நீங்கள் எழுதப்போவது ஜிமேட் என்றால் இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் கணிதப் பிரிவிலிருந்து வடிவியலை எடுத்துவிட்டார்கள், ‘கொடுத்த தகவல் போதுமா’ என்ற தரவு போதுமைக் (Data Sufficiency) கேள்விகள் தரவு நுண்ணறிவு (Data Insights) என்ற பிரிவுக்குப் போய்விட்டன. அங்கே 45 நிமிடத்தில் 20 கேள்விகள். பழைய பயிற்சி நூல்களில் உள்ள வட்டக் கணக்குகளில் மாதக்கணக்கில் மூழ்கிவிடாதீர்கள். வடிவியல் நீடிக்கும் வேறு தேர்வுக்குத் தயாராகிறீர்கள் என்றால் இங்கே சொன்னது அப்படியே பொருந்தும்.

போவதற்கு முன் இதைப் போட்டுப் பாருங்கள். ஒரு கோடு (2, 3) வழியாகச் செல்கிறது, அது நான்காம் கால்பகுதியில், அதாவது எக்ஸ் நேர்மமாகவும் ஒய் எதிர்மமாகவும் உள்ள பகுதியில், நுழைகிறதா? கூற்று 1: அதன் சாய்வு 3/2-ஐ விட அதிகம். கூற்று 2: அது எக்ஸ்-அச்சை நேர்மப் பக்கத்தில் வெட்டுகிறது. கூற்று 1-க்கு, சாய்வு சரியாக 3/2 ஆக இருந்தால் கோடு எங்கே போகும் என்பதிலிருந்து தொடங்குங்கள். கூற்று 2-க்கு (2, 3)-இல் ஆணியை அடித்துக் குச்சியைச் சுழற்றுங்கள், வலம் சாய்ந்தும் இடம் சாய்ந்தும் பார்த்த பிறகு, நேர் செங்குத்தாக எக்ஸ் = 2 என்ற நிலையிலும் ஒரு கணம் நிறுத்திப் பார்த்துவிட்டு விடையைக் குறியுங்கள்.